ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி வேண்டாம்

கேள்வி: நானும் கணவரும் தேவகோட்டைக்காரர்கள், இருவருமே நர்ஸ். அமெரிக்காவில் டாலஸில் ஏஜென்ஸி ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டோம், கிரீன் கார்டு இருக்கிறது. இனி டிராவல் நர்ஸாக, அதாவது சில மாத ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸாகப் போக ஆசை. 'இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வாங்கித் தருகிறேன், வாடகைக்கு ஏஜென்ஸி தருகிற பணத்துக்கு வரி கிடையாது' என்கிறார் ஏஜென்ஸிக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர். ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு 4 வயது மகளோடு கிளம்பலாமா? 'இது என்ன நாடோடிப் பிழைப்பு, பிள்ளையை இங்கே விட்டுட்டுப் போங்க' என்கிறார் மாமனார்.

பதில்: போங்க தங்கச்சி, தாராளமா போங்க. ஃபிளாட்டை மட்டும் காலி செய்யாதீங்க.

ரெக்ரூட்டர் சொன்னது பாதி உண்மை. வாடகை, சாப்பாட்டுக்குத் தருகிற பணத்துக்கு வரி இல்லாமல் போவது, உங்களுக்கு வேறொரு இடத்தில் நிலையான வீடு இருந்து, அந்தச் செலவையும் தாங்கிக்கொண்டு வெளியூரில் தற்காலிகமாக வேலை பார்த்தால்தான். டாலஸ் வீட்டைக் கொடுத்துவிட்டு ஊர் ஊராகப் போனால் அமெரிக்க வருமான வரித்துறை கணக்கில் நீங்கள் வீடில்லாதவர்கள், அந்தப் பணம் முழுவதும் சம்பளமாகி வரிக்குள் வந்துவிடும். தேவகோட்டையில் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைவாசல் என்று அரண்மனை மாதிரி வீடு கிடந்தாலும் இந்தக் கணக்குக்கு உதவாது. ஃபிளாட்டை வைத்துக்கொள்ளுங்கள், வாடகை கட்டுங்கள், ஒப்பந்தங்களுக்கு நடுவே டாலஸில் கொஞ்சம் ஷிஃப்டும் பாருங்கள். டிராவல் நர்ஸ் கணக்குப் பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. இன்னொன்று, வரிக்குள் வருகிற சம்பளம் குறைவாகத் தெரிந்தால் நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது பேங்கும் அந்தக் குறைந்த சம்பளத்தைத்தான் பார்க்கும்.

அப்புறம் அந்த 'ஒரே ஆஸ்பத்திரி' ஆசை. வழக்கமாக ஒப்பந்தம் 13 வாரம். நோயாளிகள் குறைந்தால் ஆஸ்பத்திரி முதலில் கழற்றிவிடுவது டிராவலரைத்தான், அதுவும் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே. ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் ரெண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றுபோகலாம், புது ஊரில் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஊரில் வேறு வேறு ஆஸ்பத்திரி கேளுங்கள். நம்ம ஊர்க் கோயில் கணக்கில் கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரே கணக்கு, ஏஜென்ஸிக்கு நீங்கள் தனித்தனி ஆள். அதனால் இருவர் ஒப்பந்தமும் கைக்கு வந்து படித்துப் பார்க்கும்வரை ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மகளை ஊரில் விட வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன். 12 மணி நேர ஷிஃப்ட், ஆளுக்கு வாரத்தில் 3. மாறி மாறி வருகிற மாதிரி நாட்களை அமைத்தால் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பீர்கள். ஆனால் இந்த நாட்கள் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும், வார்டு மேனேஜர் போனில் 'பார்த்துக்கலாம்' என்றதெல்லாம் கணக்கில் வராது. பள்ளிக்கூட வயது வந்தபிறகு இது இத்தனை சுலபமாக இருக்காது, போவதென்றால் இப்போதே போவதுதான் சரி.

மாமனாருக்கு என்ன சொல்வது? இந்தப் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர்! வீட்டை இங்கே வைத்துக்கொண்டுதானே போனார்கள், யாரும் அவர்களை நாடோடி என்று சொல்லவில்லை. என்ன, அவர்களில் பலர் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரிலேயே விட்டுப் போனார்கள், நீங்கள் சேர்ந்தே போகிறீர்கள். இதை அவர் மகன் வாயால் சொல்வது நல்லது, நீங்கள் சொன்னால் வாதம் மாதிரி ஆகிவிடும்.

மிச்சம் சின்ன விஷயங்கள். டெக்ஸாஸில், கூட்டுச் சேர்ந்த பல மாநிலங்களிலும் செல்லும் நர்ஸ் லைசென்ஸ் எடுக்க முடியும், ஆனால் கலிஃபோர்னியா அந்தக் கூட்டில் இல்லை, அங்கே போவதென்றால் தனி லைசென்ஸ், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தங்களுக்கு நடுவே ஒரு மாசம் ஊருக்கு வந்தால் மருத்துவக் காப்பீடு நின்றுபோகுமா என்று ஏஜென்ஸியிடம் முன்பே கேளுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குப் புது முகவரி தெரிவிக்க வேண்டும், கிரீன் கார்டுக்காரர்களில் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். முதல் ஒப்பந்தம் டாலஸிலிருந்து ஒரு நாளில் கார் ஓட்டிப் போய்ச் சேருகிற ஊராக இருக்கட்டும்.