வீசா விதி எந்தத் தேதியைப் பிடித்து நிற்கிறது?

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நன்செய் வைத்து விவசாயம் செய்கிறேன். பி.இ. முடித்த என் மகனுக்குப் பிரிட்டனில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், 2026 செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் அங்கேயே வேலை பார்க்கலாம் என்றும், வங்கியில் காட்ட வேண்டிய பணத்தைத் தாங்களே 28 நாட்களுக்கு என் கணக்கில் போட்டுவைப்பதாகவும், வட்டியும் ஒன்றரை லட்சம் கட்டணமும் கொடுத்தால் போதும் என்றும் ஏஜென்ட் சொல்கிறார். என் தம்பியும் தன் கணக்கில் உள்ள பணத்தைக் காட்டச் சம்மதிக்கிறார். மூன்று மா நிலத்தை விற்க முன்பணம் பேசியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விதி மாறுவதாகச் செய்தி வருவதால் மனம் குழம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, விதி மாறுவதை நீங்களும் நானும் தடுக்க முடியாது. ஆனால், மாறிய விதி உங்கள் மகனைத் தொடுமா தொடாதா என்பது பெரும்பாலும் ஒரு தேதியைப் பொறுத்தது. அது எந்தத் தேதி என்று பார்ப்பதே முதல் வேலை. துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதை ஆராய்ச்சிப் படிப்பினருக்கு மட்டும் என்று பிரிட்டன் சுருக்கியபோது, 2024 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் படிப்புகளுக்கு அது பொருந்தும் என்றது. அங்கே படிப்பு தொடங்கும் நாள் கணக்கு. படிப்புக்குப் பிந்தைய பட்டதாரி வீசாவில் கணக்கு வேறு. 2027 ஜனவரி 1 முதல் அந்த வீசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் நீங்கலாக, இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாகப் பதினெட்டு மாதங்களே கிடைக்கும். உங்கள் மகன் 2026 செப்டம்பரில் சேர்ந்தால் 2027 இலையுதிர் காலத்தில்தான் படிப்பை முடித்து அதற்கு விண்ணப்பிப்பார். ஆகவே, இப்போதுள்ள விதிப்படியே ஏஜென்ட் சொன்ன இரண்டு ஆண்டுகள் அவருக்கு இல்லை. கடனை அடைக்கும் கணக்கில் அந்த ஆறு மாதச் சம்பளத்தையும் சேர்த்திருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் போட்டுவிட்டால் பழைய விதியே காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையன்று. அங்கே மருத்துவப் பயிற்சி பெற விரும்பி வீசா நீட்டிப்புக் கேட்ட ஒரு நைஜீரிய மருத்துவரின் விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே விதி மாறிவிட்டது. அந்த வழக்கில், இடைக்கால ஏற்பாடு எதுவும் சொல்லப்படாவிட்டால் முடிவெடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியே பொருந்தும் என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2009-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. எனவே ஒவ்வொரு விதிமாற்ற அறிவிப்பிலும் ‘இந்த நாளுக்கு முன் செய்த விண்ணப்பங்கள்’ என்று தொடங்கும் பத்தியை மகனையே பிரிட்டன் அரசின் இணையதளத்தில் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்தி ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தியில் வராது. படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண் கைக்கு வந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பிப்பது, நடுவில் வரும் மாற்றத்திலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும்.

அடுத்தது பணம், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்த பகுதி இதுதான். லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் மாதத்துக்கு 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்கு வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பர் 11 முதல் உள்ள விதி. அது 10,539 பவுண்டு. முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாமல் உள்ள பாக்கியையும் இதனுடன் கூட்ட வேண்டும். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28-ஆவது நாள், விண்ணப்ப நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். உங்கள் தம்பி எவ்வளவு பாசமுள்ளவராக இருந்தாலும், சித்தப்பாவின் கணக்கு இந்த விதியின்கீழ் செல்லாது. அவர் உண்மையிலேயே உதவுவதானால், பணத்தை வங்கி வழியே உங்கள் கணக்குக்கு மாற்றி, அது நன்கொடையா கடனா என்பதை எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்; 28 நாட்கள் அதன் பிறகே ஓடத் தொடங்கும்.

ஏஜென்ட் சொல்லும் ‘காட்டும் பணம்’ வேறு வகை. அது உங்கள் மகன் செலவழிக்க முடியாத பணம். அதைத் தனக்குக் கிடைக்கும் பணம் என்று அறிவிப்பது பொய்யுரை. விண்ணப்பத்தில் ஏமாற்று நடந்ததாக முடிவானால் இந்த முறை மறுப்பதோடு நிற்காது, பத்தாண்டுகள் வரை நுழைவுத் தடை வரும். கனடாவிலும் தவறான தகவலுக்கு ஐந்தாண்டுத் தடை உண்டு. வட்டியை வாங்கிக்கொண்டு ஏஜென்ட் போய்விடுவார். கையெழுத்து உங்கள் மகனுடையது.

நேர்மையான வழி உங்களிடமே இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் பலரிடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்த தாள் இருக்காது. அது குற்றமும் அன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில்தானே வருகிறது? அந்த வரவுகள், கொள்முதல் ரசீது, சிட்டா, அடங்கல், வட்டாட்சியரின் வருமானச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துவைத்தால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இருக்கும். பெட்டியில் இருக்கும் ரொக்கத்தை ஒரே நாளில் கொண்டுபோய்ப் போடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

நிலத்தை விற்பதற்கு முன் கல்விக் கடனைக் கேட்டுப் பாருங்கள். மகன் பெயரில் அனுமதியான கல்விக் கடனுக்கு 28 நாள் நிபந்தனை கிடையாது. விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் வங்கி கொடுத்த கடிதம் இருந்தால் போதும். நன்செய்யை ஈடாக எடுக்க வங்கிகள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்குப் பொருந்தாது என்று அதன் 31-ஆம் பிரிவு சொல்வதால், நிலுவை விழுந்தால் வங்கி நீதிமன்றத்துக்கு வெளியே வசூலிக்க முடியாது. ஆகவே, வயலின் பத்திரத்தோடு போய்த் திரும்புவதைவிட, மனையோ வைப்புத்தொகை ரசீதோ இருந்தால் அதைக் கொண்டு பேசுங்கள். அப்படி வரும் கடன் தொகையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே வரி (டி.சி.எஸ்.) பிடிப்பதும் இல்லை. சொந்தப் பணமாக ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் அந்த மிகுதிக்குப் பிடிப்பார்கள். அதைத் திரும்பப் பெற அந்த ஆண்டு மட்டுமாவது நீங்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

விற்றே ஆகவேண்டும் என்றால், முன்பணத்தில் கைவைப்பதற்கு முன் நில்லுங்கள். 2018-இல் குறித்த வகைத் தீர்வுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வாங்குபவர் கேட்டால் மறுப்பதற்கு நீதிமன்றத்துக்கு முன்பிருந்த தன்விருப்ப அதிகாரம் இல்லை. வீசா மறுக்கப்பட்டு மகன் வீட்டில் இருக்க, மூன்று மாவும் கைவிட்டுப் போகும் நிலை வரலாம். எனவே, வீசா கிடைத்தால் மட்டுமே கிரயம், மறுக்கப்பட்டால் முன்பணம் இத்தனை நாளில் வட்டியின்றித் திரும்பும், ஒப்பந்தம் முடிவுக்கு வரும் என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தத்தை அனுமதிக்கிறது. வாய்ப்பேச்சாகத் தரும் உறுதி நிற்காது. பட்டா இன்னும் கூட்டுப்பட்டாவாக இருந்தால் தம்பியின் கையெழுத்தும் தேவைப்படும். அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பெயர்ப் பொருத்தத்தைச் சிறியதாக எண்ண வேண்டாம். உங்கள் கணக்கைக் காட்டுவதானால் மகனின் பிறப்புச் சான்றும் உங்கள் சம்மதக் கடிதமும் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்தும், பிறப்புச் சான்றில் தந்தை பெயர் வேறு எழுத்திலும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் இருப்பது நம் பக்கத்தில் வழக்கம். பிறப்புப் பதிவில் திருத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதை இந்த மாதமே தொடங்குங்கள். காசநோய்ச் சான்று பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் பெற்றதாக இருக்க வேண்டும். உள்ளூர் மருத்துவமனைத் தாள் எடுபடாது.

மகன் அங்கே போனபின், பட்டப் படிப்பு மாணவருக்குக் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. செயலி வழியே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சுயதொழிலாகக் கருதுவதால் அது 20 மணிக்குள் அடங்கினாலும் விதிமீறலே. பகுதிநேரச் சம்பளத்தில் குடும்பத்தின் கடன் அடையும் என்று யாராவது சொன்னால், அவர் இந்த விதியைப் படித்தவர் அல்லர்.

ஏஜென்டுக்குக் கட்டணம் கொடுப்பதானால், என்ன சேவை, எப்போது எவ்வளவு, மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்துங்கள். கல்விக் கட்டணத்தை அவரிடம் தராமல் நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். பின்னர் தகராறு வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. நிலம் வாங்குபவரிடம் மேற்சொன்ன வாசகத்தைப் பேசி, அவர் ஏற்கிறாரா என்பதைத் தெரிந்துகொண்டு, ஒப்பந்த வரைவுடனும் பட்டா நகலுடனும் உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பாருங்கள். கையெழுத்து அதன் பிறகு இருக்கட்டும்.