வாசகர் கேள்வி: பேரிக்காயும் பின்னல் தொப்பியும்

கேள்வி: இறையியல் படிக்க ஆசைப்பட்டு வாசிகசாலையில் தோமா அக்குவினாவின் நூலில் ஒரு தொகுதியை எடுத்தேன். பத்தாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். இந்தத் துறை எனக்கு ஒத்துவராதோ?
– வாசகர், பாலையூற்று

பதில்: தூங்கியதில் குற்றமில்லை, தம்பி. அது இறையியல் மாணவர்களுக்காக எழுதப்பட்ட நூல். எழுதியவரே, தான் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்று சொல்லி 1273இல் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொல்வார்கள். நீங்கள் பத்துப் பக்கமாவது போயிருக்கிறீர்கள்.

அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்' நூலில் தொடங்குங்கள். ஏறக்குறைய 400ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்தபோது எழுதியது. அதில் ஒரு திருட்டு வருகிறது. பதினாறு வயதில், கூட்டாளிகளோடு இரவில் போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைப் பறிக்கிறார். பசியில்லை, அதைவிட நல்ல காய்கள் வீட்டிலேயே இருந்தன. பறித்ததைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். 'பிறகு ஏன் திருடினேன்?' என்று பல பக்கங்களுக்குத் தன்னையே குடைகிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். எங்கள் வீதியில் மாங்காய்க்குக் கல்லெறிந்த எவனும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவான்.

பதின்மூன்று பகுதிகளில் முதல் ஒன்பதுதான் வாழ்க்கைக் கதை. பிறகு நினைவு, காலம், ஆதியாகமம் என்று ஆழத்துக்குப் போய்விடுகிறார். என்னுடைய பிரதி 2004இல் திருக்கடலூரில் தங்கை வீட்டில் இருந்து, கடல்நீர் குடித்து ஊதிப்போனது. பத்தாம் பகுதிக்குப் பின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆறு வருடம் ஒன்பதோடு நிறுத்தினேன், குறையொன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் சவர அலகால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். காலம் என்றால் என்னவென்று யாரும் கேட்காதவரை எனக்குத் தெரியும், கேட்டுவிட்டால் தெரியவில்லை என்று அவர் சொல்லும் இடம் பதினோராவது பகுதியில் இருக்கிறது. அந்தத் தாளில் இன்னும் உப்பு இருக்கிறது. அவசரப்படாமல் அங்கே வந்து சேருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று ஒரு புளியமரத்தைச் சொல்வார்கள். அங்கே பிடிபட்ட றொபட் நொக்ஸின் நூல் வரலாறுதானே? அதை இறையியல் நூல்களோடு சேர்த்து நீங்கள் பேசியதாக மகள் சொன்னாள்.
– வாசகி, மூதூர்

பதில்: பேசியது உண்மைதான், அம்மா. நொக்ஸ் ஓர் ஆங்கில மாலுமி. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. கப்பல் தலைவரான தகப்பனும் கூடவே பிடிபட்டார். மறு வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோக, மகனே புதைகுழி தோண்ட வேண்டியிருந்தது. அதன்பின் ஒருநாள் அவருடைய வேலைக்காரச் சிறுவன் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வழியாக வந்த கிழவர் ஒருவர், உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்கிறார். அவரிடம் இருந்தது ஆங்கில வேதாகமம்! போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவர் கைக்கு வந்ததாம். நொக்ஸ் தன்னிடம் இருந்த ஒரே பொற்காசைக் கொடுத்துவிடத் துடிக்கிறார். சிறுவன்தான் கெட்டிக்காரன், குறைத்து வாங்கலாம் என்று தடுக்கிறான். கடைசியில் விலை ஒரு பின்னல் தொப்பி.

திறந்ததும் கண்ணில் பட்டது திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரம்: 'மீட்படைய நான் என்ன செய்ய வேண்டும்?' என்று சிறைக்காவலன் பவுலிடம் கேட்கும் இடம். இங்கே கேள்வியை வாசிப்பவன் கைதி. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், 'எடுத்து வாசி' என்ற குழந்தைக் குரல் கேட்டு அகுஸ்தினார் பவுலின் கடிதத்தைத் திறந்ததும் இப்படித்தான். அதனால்தான் இரண்டு நூல்களையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறேன். 1681இல் இலண்டனில் அச்சான நொக்ஸின் நூலில் கண்டி இராச்சியத்தின் நெல்வயலும் வரியும் தண்டனையும்தான் அதிகம். நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது அந்தத் தொப்பிப் பக்கத்தை.

கேள்வி: கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததை யேசுசபைப் பாதிரியார் குவேறோஸ் எழுதியதை வைத்து அறியலாமா? அவர் அவர்கள் பக்கத்து ஆள் அல்லவா?
– வாசகர், உவர்மலை

பதில்: அவர்கள் பக்கத்து ஆள்தான். இலங்கையில் கால் வைக்காமலே, கோவாவில் இருந்துகொண்டு, பிறர் சொன்னதையும் எழுதியதையும் வைத்து 1687இல் முடித்தவர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பயன் உண்டு. தன் பக்கத்தாரின் பேராசையையும் கொடுமையையும் அவர் மறைப்பதில்லை. வாசிக்குமுன் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு ஒருமுறை போங்கள். நிலைக்கல்லில் பாண்டியரின் சின்னமான இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் தெரியும். கோயில் கற்கள் எங்கே போயின என்பதை அந்த வாசல் சொல்லும். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் பூசை காணப் போகிறவன் நான். அந்த வாசலைக் கடக்கும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: தத்துவம் படித்தால் விசுவாசம் போய்விடுமா?
– மாணவி, நிலாவெளி

பதில்: பஸ்கால் பெரிய கணித மேதை. 1662இல் அவர் இறந்தபின், மேலங்கியின் உட்துணிக்குள் தைத்துவைத்திருந்த ஒரு குறிப்பைக் கண்டெடுத்தார்கள். அதில் 'ஆபிரகாமின் கடவுள், தத்துவவாதிகளின் கடவுளல்ல' என்று இருந்தது. தத்துவம் படித்தவரால்தான் அப்படி எழுத முடியும், பிள்ளை. படியுங்கள்.

கேள்வி: மேலே சொன்ன நூல்களை உங்களிடம் இரவல் வாங்கலாமா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: முடியாது. முன்பு ஒருவருக்குக் கொடுத்த நொக்ஸ் இரண்டு வருடம் கழித்து அட்டையும் கறையான் மண்ணுமாகத் திரும்பி வந்தது. நாலு மணிக்குப் பிறகு வந்தால் விறாந்தையில் உட்கார்ந்து வாசிக்கலாம். தேநீர் உண்டு, கோப்பையை மட்டும் புத்தகத்தின் மேல் வைக்கக் கூடாது.