தோட்டப் பாடசாலையில் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் (தரம் 11 முடிவில் எழுதுவது) கணிதத்தில் பெயிலானால் அது பிள்ளைகளின் பிழையா, பாடசாலையின் பிழையா?

கேள்வி கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் யாரோ ஏதோ கேட்டுவிட்டார், அந்தச் சூட்டோடு இங்கே வந்திருக்கிறீர்கள். இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்தவன். எங்கள் வகுப்பில் கணிதம் சித்தியடைந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், அதில் நானும் ஒருவன். அதன் பிறகு அதிபர் என் பெயரைப் பிடித்துக்கொண்டார். "அவனும் லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவன்தானே, அவனுக்கு முடிந்தது உங்களுக்கு ஏன் முடியாது?" என்று காலைக் கூட்டத்தில் கேட்பாராம். வரிசையில் நின்ற என் தங்கைக்குத் தலைநிமிர முடியவில்லையாம்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். தரம் 10இல் எங்களுக்குக் கணித ஆசிரியரே இல்லை. இருந்தவர் இடமாற்றம் வாங்கிப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்தப் பாடவேளைகளில் வேறு யாராவது வந்து சத்தம் போடாமல் இருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். கொழும்பில் புடவைக்கடையில் நின்ற என் மாமா காசு அனுப்பியதால் நான் ஹட்டன் டவுனுக்கு டியூஷன் போனேன். பக்கத்தில் இருந்தவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனுக்குக் காசு அனுப்ப ஆளில்லை. இப்போது ஹோட்டலில் வேலை செய்கிறான்.

"அப்போ பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று உடனே வருவீர்கள். இருக்கிறது. சொல்லிக் கொடுத்ததைப் படிக்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். சொல்லியே கொடுக்காததற்கு எப்படித் திட்டுவது? ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். என் அக்காவே மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் ஆசிரியர் உதவியாளராகச் சேர்ந்தவள்தான். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகப் போகும். ஆள் போட வேண்டியவர்களைத்தான் கேட்கிறேன். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது 1970களில். இன்னமும் உயர்தரத்தில் (தரம் 12, 13) விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை டவுனில் 1ஏபி பாடசாலை, அதாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை, தேடி அலைகிறது.

   

சரி, உங்கள் பாடசாலையில் தரம் 10, 11 இரண்டுக்கும் கணிதத்துக்கு ஆள் இருக்கிறாரா? அதை முதலில் எழுதுங்கள்.