எந்தப் பெயர்ச்சி ஐயா?

கேள்வி: நான் மகர ராசி. சனிப்பெயர்ச்சியோடு ஏழரை முடிந்தது என்றார்கள். கஷ்டம் மட்டும் முடியவில்லை. என்னிடம் கைமாற்று வாங்கிய பங்காளி, பணத்தைத் தராமல் சுகமாக இருக்கிறார். இது என் முற்பிறவிக் கர்மாதானா? ஜாதகத்தில் அது தெரியுமா?
- மகர ராசி வாசகர் ஒருவர்

பதில்: எந்தப் பெயர்ச்சியோடு என்று எழுதவில்லையே ஐயா! நம் ஊரில் பஞ்சாங்கமே இரண்டு வகை: திருக்கணிதம், வாக்கியம். நம் ராசிக்கு முந்தைய ராசி, நம் ராசி, அடுத்த ராசி என்று சனி இந்த மூன்றிலும் இருக்கிற காலம்தான் ஏழரை. திருக்கணிதப்படி சனி பகவான் 2025 மார்ச் 29 அன்றே கும்பத்தைக் காலி செய்துவிட்டு மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியப் பஞ்சாங்கப்படி அவர் மூட்டை கட்டிய நாள் 2026 மார்ச் 6. நடுவில் பதினோரு மாதத்துக்கும் மேல். அத்தனை நாளும் மகர ராசிக்காரர் ஒரு பஞ்சாங்கத்தில் விடுதலை, இன்னொன்றில் உள்ளே. மேஷத்துக்கு அப்படியே தலைகீழ்: திருக்கணிதத்தில் ஏழரை ஆரம்பம், வாக்கியத்தில் இன்னும் நிம்மதி.

கணவர் மகரம், மனைவி மேஷம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம் வாங்கினால் அந்தப் பதினோரு மாதக் கஷ்டம் மனைவிக்கு. வாக்கியம் வாங்கினால் கணவருக்கு. கடைக்குப் போய்ப் பஞ்சாங்கம் வாங்குகிறவர் யாரோ, அவரைப் பொறுத்து முற்பிறவிப் பாவம் ஆள் மாறுகிறது. இரண்டையும் வாங்கிய வீட்டில் இரண்டு பேருக்கும் சனி. பஞ்சாங்கமே வாங்காத வீட்டைப் பற்றி எந்த ஜோதிடரும் வாய் திறக்கவில்லை.

2023-லும் இதே கூத்துதான். திருக்கணிதம் ஜனவரி 17 அன்று கும்பத்துக்கு அனுப்பிவைத்த சனிக்கு, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் டிசம்பர் 20 அன்று பெயர்ச்சி விழா நடந்தது. நம் பத்திரிகையும் அந்த ஆண்டு பெயர்ச்சிப் பலன் இணைப்பை இரண்டு முறை போட்டது. இரண்டும் விற்றன. அதனால் என்னை ரொம்ப யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம்.

'ஆரம்பித்துவிட்டார் பழைய பல்லவியை' என்று உதவி ஆசிரியர் முனகுவது காதில் விழுகிறது. முனகட்டும். சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு, ராசிக்கு இரண்டரை. வானத்தில் இருப்பது ஒரே சனி. அது நிற்கிற இடத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டது திருக்கணிதம். முன்னோர் பாடம் பண்ணி வைத்ததைத் தொடமாட்டேன் என்பது வாக்கியம். இதை எழுதியதற்காக வாக்கியக் கட்சி நண்பர் ஒருவர் எங்கள் அலுவலகப் படியேறுவதையே நிறுத்திவிட்டார். சனிக்கிழமை வடையில் ஒன்று மிச்சமாகிறது.

சரி, ஜாதகத்தில் தெரியுமா? வராகமிகிரர் லகு ஜாதகம் என்ற நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: முற்பிறவியில் சேர்த்த நல்வினை தீவினையின் பலனை இந்தச் சாஸ்திரம் காட்டும், இருட்டில் கிடக்கும் பொருளை விளக்கு காட்டுவதுபோல. காட்டும், அவ்வளவுதான். பொருளை அங்கே கொண்டுபோய் வைத்தது விளக்கில்லை. ஜோதிடத்தின் பெரிய தலையே இப்படிச் சொல்லியிருக்க, நாம் சனிக்கு எண்ணெய் ஊற்றி 'விட்டுடுப்பா' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். அதிலும் மொத்த மூட்டையான சஞ்சிதம் ஜாதகத்தில் தெரியாது. இந்தப் பிறவிக்கென்று அளந்துவிட்ட பிராரப்தம் மட்டும்தான் தெரியும் என்பார்கள். இன்று நீங்கள் செய்து நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆகாமியத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கட்டமும் கிடையாது.

எனக்குப் பிடித்த கட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பிருகதாரண்யக உபநிஷத்தில் ஜனகர் சபை. ஆயிரம் பசு, ஒவ்வொன்றின் கொம்பிலும் பொன் கட்டி, பெரிய ஞானி யாரோ ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அறிவிப்பு. பசுக்களை ஓட்டச் சொல்லிவிட்ட யாக்ஞவல்கிய முனிவரை ஆளாளுக்குக் கேள்வி கேட்டு மடக்கப் பார்க்கிறார்கள். ஆர்த்தபாகர் முறை வருகிறது: 'மனிதன் செத்தால் வாக்கு நெருப்பில் சேருகிறது, மூச்சு காற்றில், கண் சூரியனில். அப்போது அவன் எங்கே இருக்கிறான்?' சபையையே அதட்டிக்கொண்டிருந்த யாக்ஞவல்கியர் இதற்கு மட்டும் சுருதி இறங்குகிறார். 'கையைக் கொடப்பா. இது நாம் இரண்டு பேர் மட்டும் பேச வேண்டியது, கூட்டத்தில் இல்லை.' இருவரும் ஒதுங்கிப் போய்ப் பேசியது கர்மாவைப் பற்றி. நல்லது செய்தால் நல்லவன் ஆகிறான், கெட்டது செய்தால் கெட்டவன். அவ்வளவே. லக்னம், தசாபுத்தி, எள் தீபம் எதுவும் இல்லை.

இன்றைக்கு இதே விஷயம் காலையில் டிவியில் ஓடுகிறது. 'லைன்ல இருக்கீங்களாம்மா? டிவி வால்யூமைக் குறைங்க. போன ஜென்மத்துல ஒரு பெண் சாபம் இருக்கு.' ஊரே காபி குடித்துக்கொண்டு கேட்கிறது.

யாக்ஞவல்கியர் ஏன் ஒதுங்கினார் என்பதற்கு உரைகாரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கர்மா என்பது அவனவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவன் தலையில் வைத்தால் அது வசவு என்பது என் கட்சி. 1934-ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது, தீண்டாமைப் பாவத்துக்கு இது தண்டனை என்றார் காந்தி. தாகூர் கடுமையாக மறுத்தார். அந்த மறுப்பைக் காந்தி தம் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதற்கு ஒரு கும்பிடு. கருத்துக்குக் கிடையாது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரோடும் எனக்கு இதில் தகராறு உண்டு. பல்லக்கு சுமப்பவனையும் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியுமாம். சுமக்கிறவனிடம் உரை கேட்க யாரும் போகவில்லை.

சம்பந்தர் பரவாயில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது, வினைப்பயன் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 'உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே' என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுத்தான் பதிகத்தையே பாடுகிறார். இந்த வினைக்கு அந்த வினை காரணம் என்று தெரிகிறதல்லவா, தப்பிக்க வழி தேடாமல் உட்கார்ந்திருப்பது குறையில்லையா என்று கேட்கிறார்.

அடுத்து உங்கள் பங்காளி. அவர் சுகத்துக்கு அவருடைய எந்தப் பிறவிப் புண்ணியம் காரணமோ, அது அவர் பாடு. உங்கள் பணத்துக்கு வருவோம். கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட, 1963-ம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம். ஆவணத்தில் எழுதிய காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது: ஆங்கில நாட்காட்டிப்படி. வாக்கியமா, திருக்கணிதமா என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த நாட்டில் பஞ்சாங்கச் சண்டையைத் தீர்த்துவைத்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

புரோநோட்டு எழுதி வாங்கினீர்களா? பணம் கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறது? ராசியை எழுதியவர் இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்!