மதரஸா நிர்வாகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பட்டர்வொர்த்): ரமலானில் எங்கள் மதரஸாவுக்கு நன்கொடை தாராளமாக வருகிறது. ஆனால் நான்கைந்து மாதங்களில் உஸ்தாதுகளின் (ஆசிரியர்களின்) சம்பளத்துக்கே திண்டாட்டம். என்ன வழி?

பதில்: நன்கொடையைச் சம்பளத்துக்கு நம்பியிருப்பதுதான் கோளாறு. சம்பளம், மின்கட்டணம் போன்ற மாறாத செலவுகளை, சிறிய தொகையானாலும் மாதந்தோறும் தவறாமல் வரும் கட்டணத்தாலும் வாடகை வருமானத்தாலும் ஈடுகட்டிவிட்டு, நன்கொடையை ஏழை மாணவர்களின் கட்டண விலக்குக்கும் ஆறு மாதச் சம்பளத்துக்கு இணையான சேமிப்புக்கும் ஒதுக்குங்கள். ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு உட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி செலுத்த வேண்டிய ஊழியர் சேமநிதிச் சந்தா 13 விழுக்காடு. சில நிர்வாகங்கள் இதைச் சேவைதானே என்று விட்டுவிடுகின்றன. சேமநிதி இல்லாத உஸ்தாத், தம் பிள்ளைகள் வளர்ந்ததும் வேறு வேலை தேடுகிறார். அவருக்குப் பின்னால் மாணவர்களும் போகிறார்கள். பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். சீர்திருத்த அறிஞர் சையது ஷேக் அல்-ஹாதி சிங்கப்பூரில் தொடங்கிய அல்-இக்பால் மதரஸா விரைவிலேயே மூடப்பட்டது. அவரே பின்னர் முதல்வராக இருந்த பினாங்கின் அல்-மஷ்ஹூரோ, 1916இல் தொடங்கி, இன்று அரசாங்க சமய இடைநிலைப்பள்ளியாக நடக்கிறது.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): அத்தா தம் கடைவீட்டை மதரஸாவுக்கு வக்ஃபு (நிலையான அறக்கொடை) செய்ய விரும்புகிறார். நிர்வாகக் குழுவின் பெயரிலேயே எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. பினாங்கில் வக்ஃபு சொத்துகளுக்கு ஒரே அறங்காவலர் மாநில இஸ்லாமிய சமய மன்றமே. ஆகவே மன்றத்தின் வழியாகப் பதிந்து, வருமானம் இன்ன மதரஸாவின் ஆசிரியர் சம்பளத்துக்கு என்றும், அந்த மதரஸா இல்லாமற்போனால் வேறெந்தக் கல்விப் பணிக்கு என்றும் பத்திரத்திலேயே குறிப்பிடச் செய்யுங்கள். அத்தா உடல்நலத்தோடு இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது. வஸிய்யத்தாக (உயிலாக) விட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டதற்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

வக்ஃபு செய்ததோடு வேலை முடிவதில்லை. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் இறுதி வரை கட்டிப்போட்டிருந்ததால், ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பழுது பார்க்கவும் காணாத வாடகையே பல ஆண்டுகள் கிடைத்தது. இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் குத்தகைதாரர் தெரிந்தவர் என்ற தாட்சண்யம் இருக்கிறது, அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகையை மறுஆய்வு செய்யும் விதியை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): வாடகை வீட்டில் முப்பது மாணவர்களைத் தங்கவைத்து ஹிஃப்ழு (குர்ஆன் மனன) வகுப்பு நடத்துகிறோம். பதிவு பிறகு செய்யலாம்தானே?

பதில்: 2017 செப்டம்பர் 14 அதிகாலையில் டத்தோ கெராமாட்டில் ஒரு தஹ்ஃபீழ் (குர்ஆன் மனனப் பயிற்சி) மையம் தீப்பற்றியதில் 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். சன்னல்களில் இருந்த இரும்புக் கம்பிகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. பிள்ளைகளை இரவில் தங்கவைப்பதற்கு முன்பே கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமயத் துறையையும் தீயணைப்பு மீட்புத் துறையையும் அணுகுங்கள். அதுவரை பகல் வகுப்பு மட்டும் நடத்துங்கள்.

கேள்வி (பாயான் பாரு): குர்ஆன் மனனத்தோடு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) பாடங்களும் வேண்டுமா?

பதில்: வேண்டும். அது இல்லாத இடத்திலிருந்து பெற்றோர் பிள்ளையைப் படிவம் மூன்றுக்குள் எடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேல்வகுப்புகள் காலியானால் கட்டண வருமானமும் அங்கேயே நின்றுவிடும்.