கரித்துண்டின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஏரலில் பிறந்து திருப்பூரில் வேலை பார்ப்பவன். எங்கள் ஊர்ப் பக்கம் சிவகளையில் தோண்டி எடுத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானது என்ற செய்தியை பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் படித்தபோதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சிறுவயதில் சைக்கிளில் கடந்துபோன பரம்பு, அதாவது மேட்டுநிலம் அது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். பெங்களூரில் படிக்கும் என் அக்கா மகன் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டு, 'இதெல்லாம் அரசியல் பிரச்சாரம், மாமா' என்று எழுதினான். எல்லோர் முன்னாலும் கடுமையாகத் திட்டிவிட்டேன். இன்றுவரை பேச்சில்லை. ஓர் ஆராய்ச்சிச் செய்திக்கு உணர்ச்சிவசப்படுவது அறிவீனமா?

மு., திருப்பூர்

அன்புள்ள மு.,

அறிவீனம் இல்லை. நீங்கள் படித்த செய்திக்கு அடிப்படையான, தமிழ்நாடு தொல்லியல் துறையின் 'இரும்பின் தொன்மை' அறிக்கையை 2025 ஜனவரி 23 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் வெளியிட்டபோது நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு அடியில் பழைய வலி ஒன்று இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. அதே ஊரில் 2004இல் தொடங்கிய மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வின் அறிக்கைக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. கீழடியைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். இத்தனையும் பார்த்தவர் ஒரு செய்தியைப் படித்துக் கண்கலங்கினால், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

என்னை வருத்தியது வேறு. உங்கள் கடிதத்தில் கண்ணீர் இருக்கிறது, கோபம் இருக்கிறது; எதன் வயதை அளந்தார்கள் என்பது இல்லை. அந்த வாரம் நான் பார்த்த பதிவுகளில், கொண்டாடியவர்களும் சொல்லவில்லை, ஏசியவர்களும் கேட்கவில்லை.

அளந்தது இரும்பை அல்ல. இரும்புப் பொருள்கள் இருந்த தாழிகளோடு, அதாவது இறந்தவர்களுக்காகப் புதைத்த பெரிய பானைகளோடு, கிடைத்த கரித்துண்டுகளையும் பானை ஓடுகளையும் அளந்தார்கள். மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்ட காலத்தைத்தான் கரி சொல்லும்; அது எரிந்த நாளைச் சொல்லாது. மரம் இளசாக இருந்தபோதே உருவான, வைரம் பாய்ந்த நடுக்கட்டை என்றால் ஒரு நூற்றாண்டோ இரண்டோ கூடிவிடலாம். அது பெரிய பிழையில்லை. அந்தக் கரி, ஈமச்சடங்கு நாளில் தாழிக்குள் விழுந்ததா, பிற்பாடு உள்ளே இறங்கிய மண்ணோடு வந்த இன்னும் பழைய கரியா என்பதுதான் பெரிய கேள்வி. ஓட்டின் கணக்கு வேறு. சூளையில் சுட்டவுடன் அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிம மணிகளின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மண்ணின் கதிரியக்கம் ஆண்டுதோறும் அவற்றில் சேர்கிறது. ஆய்வகத்தில் ஒளியூட்டினால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்; அதிலிருந்து சுட்ட காலத்தைக் கணக்கிடுவார்கள். கரியில் கிடைத்த மிகப் பழைய எண் கி.மு. 3345. இரண்டு வழிகளும், வெவ்வேறு ஆய்வகங்களில், கி.மு. 2000-க்கு வெகு முன்னால் கொண்டுபோய் விடுகின்றன. இந்த அறிக்கையின் பலமே அதுதான். பிரச்சாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாததும் அதனால்தான்.

ஆனால் அதே பரம்பில், வேறொரு தாழியில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் கணக்கு வந்தது. அப்படியானால் ஒரே இடுகாடு இரண்டாயிரம் ஆண்டுகள் பயன்பட்டதா? பயன்பட்டது என்றால் அவ்வளவு காலம் மக்கள் வாழ்ந்த குடியிருப்பு எங்கே, இரும்பு உருக்கிய உலை எங்கே, கசடு எங்கே? இந்தக் கேள்விகளைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 5,300 என்ற எண்ணை முதலில் கேட்டபோது கூட அப்படி ஆகவில்லை. தாமிரபரணிக் கரையில் இன்னும் எவ்வளவு தோண்ட வேண்டியிருக்கிறது! இன்னும் பல தாழிகளின் கணக்கு வரும்வரை இதை உறுதியான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். பொய் என்று சொல்பவரோடும் சேரமாட்டேன்.

உங்கள் அக்கா மகன் போட்ட பொம்மையும் உணர்ச்சிதான். அவரும் அறிக்கையைத் திறந்து பார்த்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். திட்டியதற்கு நீங்களே முதலில் வருத்தம் சொல்லுங்கள், வயதில் மூத்தவர் நீங்கள். பிறகு அறிக்கையை அவருக்கு அனுப்பி, எந்தத் தாழியின் கணக்கில் அவருக்குச் சந்தேகம், ஏன் என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.