நிலம் ஊருடையது, வீடு அசோசியேஷனுடையது: இது எப்படி நடக்கிறது?

கேள்வி: இங்கிலாந்தில் சமூக நில அறக்கட்டளைகள் ஹவுசிங் அசோசியேஷன்களோடு சேர்ந்து குறைந்த வாடகை வீடுகள் கட்டுகின்றன என்கிறார்கள். யாருக்கு என்ன வேலை? அறக்கட்டளையே கட்டிவிடக் கூடாதா?

தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு ஹவுசிங் அசோசியேஷனில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நம் ஊரில் அசோசியேஷன் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம். இங்கே அது லாப நோக்கமில்லாமல் வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் நிறுவனம். அறக்கட்டளை என்பது ஊர்க்காரர்களே உறுப்பினராகச் சேர்ந்து நடத்துவது; 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் அதற்கு வரையறையே உண்டு.

கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மனை கோயிலுடையது, கட்டடம் அவர்களுடையது. கோயிலின் இடத்தில் அறக்கட்டளையையும், வீட்டுக்காரர் இடத்தில் அசோசியேஷனையும் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான். (இதன் முன்னோடி 1969-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ். அதைத் தொடங்கியவர்களுக்கு வினோபா பாவேயின் கிராமதானமும் ஓர் உந்துதல்.)

கிராமங்களில் பெரும்பாலும் ஊர் எல்லையை ஒட்டிய ஒரு வயலில்தான் ஆரம்பிக்கும். அங்கே சாதாரணமாக வீடு கட்ட அனுமதி கிடைக்காது. உள்ளூர்க்காரர்களுக்கான குறைந்த விலை வீடு என்றால் மட்டும் கிடைக்கும். அதனால் விவசாயியும் மனை விலை கேட்க முடியாது, வயல் விலைக்குச் சற்று மேலே கொடுக்கிறார். அறக்கட்டளை அந்த நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, 125 வருடம் போல நீண்ட குத்தகைக்கு அசோசியேஷனிடம் விடுகிறது. அசோசியேஷன் கடன் வாங்கி, அரசின் ஹோம்ஸ் இங்கிலாந்து மானியத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. வாடகை வசூல், பாய்லர் ரிப்பேர், கூரை ஒழுகல் எல்லாம் அதன் தலையில். அறக்கட்டளைக்கு ஒரு சிறு அடிமனை வாடகை வரும்.

தனியாகக் கட்டலாம், கட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடகை வீட்டுக்கான அந்த மானியத்துக்கு, இத்தகைய வீடுகளுக்கான அரசு ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு பெற்ற நிறுவனம்தான் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். வேலை முடிந்து மாலையில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பதிவையும் கடனையும் சுமப்பது பெரும்பாடு.

அப்படியானால் அறக்கட்டளை எதற்கு? எனக்கு இது புரிந்தது ஒரு கிராமத்து ஹாலில். மேசை மேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தோம். தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அதைப் பார்க்கவே இல்லை. “இருபது வருடம் கழித்து ஒரு வீடு காலியானால் அதை யாருக்குக் கொடுப்பீர்கள்?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம், பழுதுச் செலவு அதிகம் என்று சொல்லி, காலியான கிராமத்து வீடு ஒன்றை ஏலத்தில் விற்றதைப் பார்த்தவன் நான். இப்போது அது கோடையில் மட்டும் ஆள் வரும் வீடு. வருடம் முழுவதும் அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு குடும்பத்துக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்த அம்மாவின் கேள்விதான் பிறகு குத்தகைப் பத்திரத்தில் இரண்டு ஷரத்துகளாக ஏறியது. காலியாகும் வீடு முதலில் அந்த ஊரில் வளர்ந்தவருக்கோ வேலை பார்ப்பவருக்கோ போக வேண்டும். அசோசியேஷன் விற்பதானால் முதலில் அறக்கட்டளையிடம் கேட்க வேண்டும். நிலம் கையில் இல்லாத ஊருக்கு இப்படிக் கேட்க ஏது பலம்?

நகரத்தில் கணக்கு வேறு. லண்டன் மைல் எண்டில் செயின்ட் கிளெமென்ட்ஸ் என்ற பழைய மருத்துவமனை வளாகத்தில் 252 வீடுகள். அதில் 23 வீடுகளை லண்டனின் சமூக நில அறக்கட்டளை, அந்தப் பகுதி மக்களின் வருமானத்தை வைத்து விலை போட்டு விற்றது. வாங்கியவர் திரும்ப விற்றாலும் அதே கணக்குதான். குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள் பீபாடி என்ற அசோசியேஷனிடம் போயின.

உங்கள் ஊரில் யாராவது இதைத் தொடங்கினால், அசோசியேஷனைத் தேடுவதற்கு முன்பே அந்த இரண்டு ஷரத்துகளையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரைபடமும் பட்ஜெட்டும் முடிந்த பிறகு எங்களைப் போன்றவர்களிடம் கேட்டால், வக்கீல்கள் அதை எளிதில் சேர்க்க விடமாட்டார்கள்.